மிச்சம் பிடிக்கும் அண்ணாச்சி

நாஞ்சில் நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் இவரைப் பார்க்கலாம். பூதப்பாண்டியில் ஒருவர், தாழக்குடியில் ஒருவர், சுசீந்திரம் தெப்பக்குளத்துப் படியில் மூன்று பேர். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். சட்டைப் பையில் பேனா, அதற்குப் பின்னால் கத்தரிக்கோலால் நறுக்கிய மாத்திரை அட்டை. ஆளைக் கண்டதும் சுகமா என்று கேட்கமாட்டார். "உமக்கு எத்தன இருக்கு?" என்றுதான் கேட்பார். பென்ஷனை அல்ல, பிரஷரைத்தான். நூற்றி இருபது என்றால் முகம் வாடிவிடும். நூற்றி எழுபது என்றால், "வாரும் வே, இரியும்" என்று திண்ணையில் இடம் ஒதுக்கித் தருவார்.

அண்ணாச்சிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது அம்லோடிபின் 5 மில்லிகிராம், தினமும் ஒன்று. சீட்டில் இருந்ததில் மாத்திரையின் பேரை மட்டும் அண்ணாச்சி ஒப்புக்கொண்டார். 'தினமும்' என்பது டாக்டருடைய சொந்த அபிப்பிராயம். "ஏறிச்சுன்னா எனக்குத் தெரியாதா? பொடதியில ஒரு பிடி பிடிக்கும். அன்னைக்கு ஒண்ணு போட்டுக்கிடுவேன். சும்மா கெடக்குத தேகத்துக்கு எதுக்கு வே மருந்து?"

பொடதி பிடித்தது தலையணை உயரத்தால் என்று அண்ணாச்சியின் வீட்டுக்காரி மைனிக்குத் தெரியும். இரத்தக் கொதிப்பு பெரும்பாலும் எந்த அடையாளமும் காட்டாமல் வருகிற சங்கதி. 180 ஏறி நிற்கும்போதும் மனிதர் ரசவடையைப் பிய்த்துக்கொண்டு ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார்.

அண்ணாச்சியின் சித்தாந்தத்துக்கு மாத்திரையே உடந்தை. அம்லோடிபின் உடம்பை விட்டு மெதுவாகத்தான் இறங்கும். ரத்தத்தில் அதன் அளவு பாதியாகவே 30 முதல் 50 மணி நேரம் பிடிக்கும். ஒருநாள் போடாமல் விட்டு மறுநாள் பார்த்தால் 130/80 காட்டும். "பாத்தேரா! சவம், இது இல்லாமலே கொறையுது" என்று ஊரெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் மருந்து முழுக்க வடிந்து, பிரஷர் பழைய உயரத்துக்கு ஏறியிருக்கும். அன்றைக்குப் பார்க்க ஆள் இருக்காது. எல்லா மாத்திரையும் இப்படிப் பொறுமைசாலி இல்லை. அட்டெனலால் போடுகிறவர் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சு படபடக்கும். ஏற்கெனவே இதயக்கோளாறு உள்ளவருக்கு நெஞ்சுவலியே வரலாம். அண்ணாச்சி இதைக் கேட்டால், "அது அவரு மாத்திரை, நம்ம மாத்திரை அப்படியில்ல" என்பார். விட்டுப்போன நாளுக்கு ஈடாக மறுநாள் இரண்டைச் சேர்த்து விழுங்கவும் தயங்கமாட்டார். கடன் நிற்பது அவருக்குப் பிடிக்காது.

செக்கப்புக்கு ஆசாரிபள்ளம் போகும் நாளில் அண்ணாச்சியின் பணிவைப் பார்க்க வேண்டும். "தினமும் போடுதீங்களா?" "பின்னே!" தினமும் போட்டும் 170 நிற்கிறதே என்று கவலைப்பட்ட டாக்டர், டெல்மிசார்டான் 40 என்று இன்னொன்றையும் சேர்த்து எழுதிவிட்டார். அதுவும் அட்டையில் உறங்கியது. பெங்களூரிலிருந்து மகன் வந்த நாலு நாளில், அவனுக்குப் பயந்து இரண்டையும் வேளை தவறாமல் விழுங்கினார். மூன்றாம் நாள் குளித்துவிட்டு எழுந்தவருக்குக் கிறக்கம் வந்து, கிணற்றடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நான் அப்பமே சொன்னேம்லா? மாத்திரை ஆகாதுன்னு!"

மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்பது அண்ணாச்சியின் அசையாத நம்பிக்கை. கட்டுக்கடங்காத பிரஷர்தான் கிட்னியைக் கெடுக்கிற பெரிய வில்லன் என்று சொன்னால் சிரிப்பார். ஆனால் முட்டுவலிக்கு வடசேரி மருந்துக்கடையில் சீட்டில்லாமல் டைக்ளோஃபினாக் வாங்கி, கடலைமிட்டாய் மாதிரி போட்டுக்கொள்வார். பிரஷரை ஏற்றுவதும், டெல்மிசார்டானோடு சேர்ந்தால் கிட்னிக்குக் கெடுதல் செய்வதும் இந்த வலி மாத்திரைதான். அதில் மட்டும் அண்ணாச்சிக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. வலி போகிறது அல்லவா, கண்ணால் கண்ட பலன்!

இங்கிலீஷ் மருந்தைத் திட்டும்போது கை தானாக மருந்துவாழ் மலைப் பக்கம் நீளும். "அந்தா நிக்குது பாரும், அதுல இல்லாத மருந்தா?" இந்த இடத்தில் அண்ணாச்சியை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. சர்ப்பகந்தா வேர் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்று பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல் 1949இல் எழுதிய கட்டுரையைப் படித்துத்தான் உலகமே அந்தச் செடியின் பக்கம் திரும்பியது. அதிலிருந்து பிரித்தெடுத்த ரெசர்பின் பல வருஷம் டாக்டர்கள் கையில் இருந்தது. அதற்கும் அளவு உண்டு. கூடினால் மனசு சோர்ந்துபோகும். வேரில் இன்ன அளவு என்று எழுதி ஒட்டியிருக்காது. அண்ணாச்சிக்கு வேர் பிடிப்பதே அதனால்தான்.

உப்புக்கு வருவோம். நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளும் நாரத்தங்காயிலேயே அண்ணாச்சி அந்தக் கணக்கை முடித்துவிடுவார். அதற்கப்புறம் நெத்திலிக் கருவாடு, அப்புறம் பப்படம். மகன் சோடியம் குறைந்த உப்புப் பாக்கெட் ஒன்று அனுப்பினான். சோடியத்துக்குப் பதில் அதில் பொட்டாசியம் இருக்கும். டெல்மிசார்டான் போடுகிறவர் டாக்டரிடம் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. அண்ணாச்சி தொடவில்லை, ருசியில்லை என்று. சில நேரம் நாக்கும் ஆளைக் காப்பாற்றிவிடுகிறது.

இவ்வளவு கஞ்சத்தனமாக மாத்திரை போடுகிறவர், கொடுப்பதில் கர்ணன். கல்யாணப் பந்தியில் யாருக்காவது வெப்ராளம் வந்தால் போதும், அட்டை வெளியே வந்துவிடும். பிரஷர் மாத்திரையிலேயே மூச்சிளைப்புக்காரருக்கு அட்டெனலால் ஆகாது, பிள்ளைத்தாச்சிக்கு எனலாப்ரில் கூடவே கூடாது என்பதெல்லாம் அவர் கேள்விப்படாதவை. "வெள்ள மாத்திரைதான், ஒண்ணும் செய்யாது."

2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் வந்தபிறகு பிரஷர் பார்க்கிற பெண்பிள்ளை வீட்டுக்கே வருகிறாள். கையில் பட்டையைச் சுற்றினாலும் அண்ணாச்சி பேச்சை நிறுத்தமாட்டார். பேசிக்கொண்டே இருந்தால் அளவு கூடுதலாகத்தான் காட்டும். "வாயை மூடுங்க பெரியப்பா" என்று சொல்லிவிட்டு, போன மாசத்து அட்டையை எண்ணினாள். முப்பதில் பத்தொன்பது பாக்கி.

"இது என்ன பெரியப்பா?"

"மிச்சம் பிடிச்சு வச்சிருக்கேன். கவர்மெண்டு காசுல்லா பிள்ளே!"

அவள் தலையில் அடித்துக்கொண்டு, அடுப்படியில் நின்ற மைனியைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். இதுவரை யாரும் மைனிக்குப் பட்டை சுற்றியதில்லை. அஞ்சு நிமிஷம் பேசாமல் இருக்கச் சொல்லி இரண்டு தடவை பார்த்தாள். இரண்டு தடவையும் 160/100.

"பெரியம்மைய நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. டாக்டர் பாத்துதான் மருந்து எழுதணும்."

அண்ணாச்சி சட்டைப் பைக்குள் கைவிட்டார்.

"எதுக்கு அலைச்சல்? எங்கிட்டத்தான் பத்தொம்பது இருக்கே!"