தோளில் ஏறி வந்தவர்

கேள்வி: கடவுள் எல்லா மனிதரிடமும் இருக்கிறார் என்றால், கோயிலில் மட்டும் ஏன் இத்தனை கூட்டம்? தெருவில் கிடப்பவரை ஏன் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை?

பதில்: கோயிலில் இருப்பவர் பசிக்கிறது என்று வாய்விட்டுக் கேட்பதில்லையே!

வைணவ குருபரம்பரை சொல்லும் திருப்பாணாழ்வார் கதையைக் கேளுங்கள். காவிரிக் கரையில் நின்று அரங்கனை மெய்மறந்து பாடிக்கொண்டிருந்தார். பாணர் குலம், கோயிலுக்குள் போக வழியில்லை. திருமஞ்சனத்துக்குத் தீர்த்தம் எடுக்க வந்த லோகசாரங்க முனிவர், 'விலகு' என்றார். பாணர் காதில் விழவில்லை. முனிவர் கல்லை எடுத்து எறிந்தார். பாணர் நெற்றியில் ரத்தம். குடத்தோடு சந்நிதிக்குப் போனால், அரங்கன் நெற்றியிலும் ரத்தம்! எறிந்தது ஒரு கல், காயம் இரண்டு. அரங்கனுக்கே தீர்த்தம் சுமந்தவருக்கு, கரையில் நின்ற அரங்கனை அடையாளம் தெரியவில்லை.

அதற்குப் பெருமாள் விதித்த தண்டனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 'அவரை உன் தோளில் தூக்கி வா.' அப்படித்தான் உள்ளே வந்தார் பாணர். பத்தே பாசுரம், ஆழ்வாராகிவிட்டார்.

யாரை உள்ளே விடுவது என்ற சிக்கலுக்கே வள்ளலார் இடம் வைக்கவில்லை. 1867-ல் வடலூரில் தருமச்சாலை தொடங்கியபோது என்ன சாதி, எந்த ஊர் என்று யாரையும் கேட்கவில்லை. பசி இருந்தால் போதும், இலை போடப்படும். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. ஒருமுறை போய்ப் பந்தியில் உட்காருங்கள். பக்கத்து இலைக்காரரிடம் பேச்சுக் கொடுங்கள்.