பட்டன் யார் பட்டாவில்?

திரையில் ஒரு பட்டன். அழுத்தினால் ஏதாவது நடக்க வேண்டும். மனிதர்கள் கேட்டது இவ்வளவுதான். கிடைத்ததோ இரண்டு ராஜ்ஜியங்களும் வருஷக்கணக்கில் ஒரு சண்டையும்.

தொண்ணூறுகளில் யூனிக்ஸ் பட்டன்களுக்கெல்லாம் பண்ணையார் மோட்டிஃப் என்ற கருவித்தொகுப்பு. காசு கட்டாதவர் வாசலோடு சரி. பெர்க்லியில் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்ற இரு மாணவர்கள் ஜிம்ப் என்னும் பட எடிட்டரை எழுதி, ஊருக்கே இலவசம் என்றார்கள். இலவசம்தான்; கம்பைல் செய்ய மட்டும் மோட்டிஃப் வேண்டும். வெறுத்துப்போய் பட்டன், மெனு, ஸ்க்ரோல்பார் எல்லாவற்றையும் தாங்களே சி மொழியில் எழுதினார்கள். அதுதான் ஜிடிகே.

1996 அக்டோபரில் ஜெர்மானிய மாணவர் மத்தியாஸ் எட்ரிக், லினக்ஸுக்கு லட்சணமான டெஸ்க்டாப் வேண்டுமென்று கேடிஇயைத் தொடங்கினார். அவர் தேர்ந்தெடுத்தது நார்வேயின் டிரோல்டெக் சி++இல் செய்த க்யூட்டி. பார்க்க அழகு, வேலையில் சமர்த்து. பட்டா மட்டும் கம்பெனி பேரில். மூலநிரலைப் படிக்கலாம், திருத்தி அடுத்தவருக்குக் கொடுக்கக் கூடாது.

கட்டற்ற மென்பொருள் பக்தர்கள் சாமியாடிவிட்டார்கள். 1997 ஆகஸ்டில் மெக்சிகோவின் மிகேல் டி இகாசாவும் ஃபெடெரிகோ மேனாவும் க்னோம் என்ற போட்டி டெஸ்க்டாப்பைத் தொடங்கி, ஜிடிகேயைக் கையில் எடுத்தார்கள். எல்ஜிபிஎல் உரிமம், வில்லங்கம் இல்லை. இன்னொரு கூட்டம் க்யூட்டியையே நகலெடுக்கிறேன் என்று ஹார்மனி திட்டத்தில் இறங்கியது.

வெளியே உரிமச் சண்டை. உள்ளே இரு கட்சிக்கும் மொழியோடு சண்டை. சி மொழியில் வாரிசுரிமை கிடையாது. ஜிடிகேக்காரர்கள் அப்பாவின் ஸ்ட்ரக்டை மகனின் ஸ்ட்ரக்டுக்குள் முதல் உறுப்பாக உட்கார வைத்து, தேவைப்பட்டபோது “இவன்தான் அவர்” என்று காஸ்ட் செய்தார்கள். கம்பைலர் பாவம், தலையாட்டியது. இதைப் பார்த்துச் சிரிக்க சி++காரர்களுக்கும் யோக்கியதை இல்லை. பட்டன் அழுத்தப்பட்டதை மற்ற நிரலுக்குச் சொல்லும் க்யூட்டியின் சிக்னல், ஸ்லாட் சமாசாரத்துக்கு சி++ போதாமல், மாக் என்றொரு குமாஸ்தா புரோகிராம் கோப்புகளை முன்கூட்டியே படித்துக் கூடுதல் நிரல் எழுதித் தர வேண்டியிருந்தது.

2000இல் க்யூட்டி கட்டற்ற உரிமமான ஜிபிஎல்லுக்கு வந்தது. சண்டைக்குக் காரணம் போயிற்று, சண்டை போகவில்லை. 2008இல் நோக்கியா டிரோல்டெக்கை வாங்கி, அடுத்த ஆண்டே எல்ஜிபிஎல்லையும் தந்தது. 2012இல் மோட்டிஃப் பண்ணையாரும் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே போகத்தான் ஆள் இல்லை. மறு ஆண்டு, லினக்ஸின் தந்தை லினஸ் டோர்வால்ட்ஸ் ஜிடிகேயில் தொடங்கியிருந்த ஸ்கூபா டைவிங் பதிவேடான சப்சர்ஃபேஸ், க்யூட்டிக்குக் குடிபெயர்ந்தது.

இப்போது ரஸ்ட் மொழிக்காரர்களின் முறை. ஈகுய், ஐஸ்டு, ஜிடிகேக்கான பைண்டிங் என்று கடைவிரிப்புக்குக் குறைவில்லை. அதில் ஸ்லின்ட்டைத் தொடங்கியவர்கள் பழைய க்யூட்டிக்காரர்கள். பட்டறிவு வீண்போகுமா? ஜிபிஎல், ராயல்டி இல்லாதது, காசு கொடுத்து வாங்குவது என்று மூன்று உரிமங்களை வாசலிலேயே அடுக்கிவிட்டார்கள்.