ஹைரூல் உப்பும் மூன்று காலங்களும்

ஹைரூல் நாட்டுக்கு வரலாறு ஒன்றல்ல, மூன்று. நின்டெண்டோ 1986-இல் தொடங்கிய செல்டா வீடியோ கேம் வரிசையில் ஆட்டத்துக்கு ஆட்டம் லிங்க் என்றொரு வீரன் வருவான்; பெயர் அதே, ஆள் பெரும்பாலும் வேறு. 1998-இல் வந்த ‘ஒக்கரினா ஆஃப் டைம்’ முடிவில் காலம் மூன்றாகக் கிளைத்தது என்று 2011-இல் ‘ஹைரூல் ஹிஸ்டோரியா’ நூல் தீர்ப்புச் சொன்னது: லிங்க் சிறுவனாகத் திரும்பிய காலம், அவன் விட்டுவந்த எதிர்காலம், அவன் தோற்றே போன காலம். (கடைசிக் காலத்துக்கு, பாதியில் தோற்று ஆட்டத்தை மூடிவைத்தவர்கள் எல்லாருமே கண்கண்ட சாட்சிகள்.) 2017-இல் வந்த ‘ப்ரெத் ஆஃப் த வைல்ட்’ எந்தக் கிளை என்று கேட்டால் மட்டும் நின்டெண்டோ வாய் திறப்பதில்லை, எல்லாவற்றுக்கும் கடைசியில் தனியே வைத்ததோடு சரி. விடை அடுப்பங்கரையில் இருக்கிறது என்பது நம் கட்சி.

அந்த ஆட்டத்தில் பாறைக் கனிமங்களை உடைத்தால் உப்புக் கட்டி விழும். உப்பளத்துக் கல்லுப்பு அல்ல, இந்துப்பு வகை. விற்றால் 2 ரூபிதான் தேறும் என்பதால் அறிஞர்கள் அதன் விளக்கக் குறிப்பைப் படிக்காமலே குழம்பில் போட்டுவிடுகிறார்கள். பழங்காலக் கடலின் உப்பு இறுகி உண்டானது என்கிறது குறிப்பு. ஹைரூலைக் கடல் விழுங்கியதாகச் சொல்வது 2002-இன் ‘விண்ட் வேக்கர்’. அது லிங்க் விட்டுவந்த எதிர்காலக் கிளை. இதோடு, ‘ப்ரெத் ஆஃப் த வைல்ட்’ காட்டும் மெடோ என்ற இயந்திரப் பறவையின் பெயரில் மெட்லியின் சாயல் தெரிகிறது. மெட்லியோ அந்தக் கிளையில் மட்டும் வாழ்ந்த ஞானி. ஆகவே ‘ப்ரெத் ஆஃப் த வைல்ட்’ அந்தக் கிளையின் தொடர்ச்சியே.

மனிதர் தோன்றுமுன் இருந்த ஏதோ ஒரு கடலாக ஏன் இருக்கக்கூடாது என்று புவியியல் தரப்பு கேட்கும். நியாயமான கேள்வி, மத்தியதரைக் கடலே சுமார் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பெருமளவு வற்றி, அடியில் உப்புப் படுகைகளை விட்டுப்போனது. ஆனால் சொல்லாட்சியைப் பார்க்க வேண்டும். அதே ஆட்டம் ‘பழங்கால’ என்ற அடையைத் திருகாணிக்கும் பற்சக்கரத்துக்கும் கொடுக்கிறது. அவை ஷீக்கா என்ற இனத்தார் செய்த 10,000 ஆண்டுப் பழைய இயந்திரங்களின் உதிரிகள். ஒரே நூலில் ஒரே சொல் திருகாணிக்கு ஆயிரக் கணக்கிலும் உப்புக்குக் கோடிக் கணக்கிலும் பொருள்படும் என்பது வலிந்து கொள்ளும் உரை. இன்னொரு தடை கனமானது: ‘விண்ட் வேக்கர்’ முடிவில் அரசரே ஹைரூலை மூழ்கடிக்க வரம் கேட்கிறார், 2009-இன் ‘ஸ்பிரிட் டிராக்ஸ்’ வேறு நிலத்தில் எழுந்த புதிய ஹைரூலைக் காட்டுகிறது. மூழ்கிய நிலம் மீண்டது எப்படி? அரசர் மூழ்கடிக்கத்தான் கேட்டார், வெள்ளம் ஒருநாளும் வடியக்கூடாது என்று கேட்கவில்லை. வரம் கேட்பவர்கள் ஷரத்துகளில் கவனமாக இருப்பதில்லை.

2023-இன் ‘டியர்ஸ் ஆஃப் த கிங்டம்’ வந்து, ரௌரு என்பவரே ஹைரூலின் முதல் அரசர் என்றது. நம் கட்சி கவிழ்ந்தது என்று சிலர் மகிழ்ந்தார்கள். நாடு ஒருமுறை நீரில் போயிருந்தால், மறுபடி நிறுவியவரும் தம்மை முதல்வர் என்றுதானே சொல்லிக்கொள்வார்? அந்த ஆட்டத்திலும் பாறையை உடைத்தால் உப்பு விழுகிறது. குறிப்பில் அதே பழங்காலக் கடல்.