ரணஜயனும் பத்தாயிரம் அடியும்

பனமலைக் குன்றில் தாளகிரீசுவரர் கோயிலைக் கட்டிய ராஜசிம்ம பல்லவனுக்கு ‘ரணஜயன்’, அதாவது போரில் வென்றவன், என்றும் ஒரு பட்டம். காஞ்சி கைலாசநாதர் கோயிலில் இப்படி 200க்கும் மேல் செதுக்கி வைத்தான். அவன் ஆட்சியோ பெரும்பாலும் அமைதிக்காலம். இன்று கல்லின் வேலையைக் கைக்கடிகாரம் பார்க்கிறது: நாளுக்கு 10,000 அடி நடந்தால் ஜயம். அந்த எண்ணைத் தந்தது வைத்தியரல்ல, 1965 வாக்கில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ‘மான்போகெய்’ (‘பத்தாயிரம் அடி மானி’) என்ற அடி எண்ணும் கருவியின் பெயர். வயதான பெண்களிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், நடையின் பலன் 7,500 அடியருகே ஏறாமல் நின்றுவிட்டது. இலக்கு இருந்தால்தானே மனிதன் எழுந்து நடப்பான் என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் 9,900இல் ‘தோற்று’, இரவு பதினொரு மணிக்குக் கட்டிலைச் சுற்றிவருகிறவர் யாரை வென்றார்? கட்டில் என்றால் அரியணை என்றும் பழந்தமிழில் பொருளுண்டு. ‘கட்டில்ஜயன்’ என்று அவருக்கும் ஒரு பட்டம் செதுக்கலாம்.