கரன்ட் பில்: எங்கே கட்டுவது?

கேள்வி: கரன்ட் பில்லை கவுன்டரில் கட்டலாம், போனிலும் கட்டலாம் என்கிறார்களே, எது நல்லது?
– குடும்பத் தலைவி, கும்பகோணம்

பதில்: கணவர் சம்பளத்தில் கட்டுவதுதான் நல்லது! அவரும் இதே பதிலைத் திருப்பிச் சொன்னால், மேலே படியுங்கள்.

இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டுக்குள் முடித்துக்கொண்டால் கட்டவே வேண்டாம். ஆனால் கும்பகோணத்து மே மாதத்தில் அது முனிவர்களுக்கே சாத்தியம்.

ஈ.பி. ஆபீஸ் கவுன்டரில் ரசீதோடு ஊர்க்கதையும் கிடைக்கும். நேரமில்லாதவர்களுக்கு மின்வாரியத்தின் இணையதளமும் ஆப்பும் உண்டு. கூகுள் பே, போன்பே போன்றவற்றிலும் கட்டலாம். அங்கே இணைப்பு எண்ணைப் போட்டதும் ஒரு பெயர் வரும். அதைப் படிக்காமல் பணம் அனுப்பாதீர்கள். ஓர் எண் பிசகினால் எதிர்வீட்டு ஏ.சி.க்கு நீங்கள் உபயதாரர் ஆகிவிடுவீர்கள். வாடகை வீடென்றால் ஹவுஸ் ஓனர் பெயர் வரும். சில வீடுகளில் எப்போதோ காலமான அவருடைய தாத்தா பெயர் வரும்; பதற வேண்டாம், மீட்டர் இன்னும் அவர் பெயரில்தான் ஓடுகிறது.

கணக்கெடுத்த நாளிலிருந்து 20 நாள் அவகாசம். தவறினால் ஃபியூஸைப் பிடுங்குவார்கள், அபராதமும் சேரும்.

‘இன்றிரவு மின்சாரம் துண்டிக்கப்படும், இந்த எண்ணுக்குப் பேசவும்’ என்று எஸ்.எம்.எஸ். வந்தால் மட்டும் பேசாதீர்கள். அது மோசடி. பணம் போய்விட்டால் உடனே 1930-ஐ அழையுங்கள்.