குளச்சல் போரும் கிறீச்சிடும் மோடமும்: ஓர் ஆராய்ச்சி

குளச்சல் கடற்கரையில் ஒரு கல்தூண் நிற்கிறது. 1741 ஆகஸ்ட் 10-ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் படை டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியை முறியடித்ததன் நினைவு அது. அந்தத் தூணுக்கும் லினக்ஸில் ஓட மறுக்கும் பழைய டயல்-அப் மோடத்துக்கும் உள்ள உறவை இதுவரை எந்த வரலாற்றாசிரியரும் கவனிக்கவில்லை. அக்குறையை நீக்குவதே இந்த நாஞ்சில் நாட்டு ஆய்வின் நோக்கம்.

முதலில் ஓர் எல்லைத் தகராறு. தோவாளையும் அகஸ்தீஸ்வரமும்தான் நாஞ்சில் நாடு, கல்குளம் வட்டத்துக் குளச்சலுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கும் அறிஞர்கள் உண்டு. அவர்கள் கேட்பது நியாயமே. ஆனால் மோடம் கிடைத்தது குளச்சலில். சான்று கிடைத்த இடத்தில்தான் அகழாய்வு செய்ய முடியும்.

அகழாய்வுக் களம் ஒரு வீட்டின் மச்சு. பிஸ்கட் டின் ஒன்றில், செத்துப்போன டார்ச் லைட்டுக்கும் இரண்டு கேசட்டுக்கும் நடுவே சான்றுப்பொருள் கிடந்தது. கணினிக்குள் செருகும் பி.சி.ஐ. அட்டை, 56 கிலோபிட், வி.92 தரம். அந்தத் தரம் வெளியான ஆண்டு 2000 என்பதால் சங்க காலத்துக்குப் பிற்பட்டது என்று துணிந்து சொல்லலாம். கடல்காற்றில் செம்புத் தொடுமுனைகள் களிம்பேறிப் பச்சையாகியிருந்தன. பள்ளிக்கூட ரப்பரால் அழுத்தித் தேய்த்ததில் அவை மீண்டும் மினுங்கின. தொல்லியலில் இதற்குப் பெரிய பெயர் இருக்கும். குளச்சலில் இதற்குப் பெயர் துடைத்தல்.

சொல்லாய்வு இல்லாமல் தமிழில் ஆராய்ச்சி நிறைவடையாது. மாடுலேட்டர், டிமாடுலேட்டர் என்ற இரண்டின் தலைகளை வெட்டி ஒட்டியதே மோடம் என்பர் மேலைநாட்டார். எண்களை ஒலியாக்கித் தொலைபேசிக் கம்பியில் அனுப்பி, வந்த ஒலியை மறுபடி எண்ணாக்குவது அதன் தொழில். ஆனால் தமிழில் மோடம் என்றால் மேகமூட்டம். இது தற்செயல் என்று ஆய்வாளர் நம்பவில்லை. ஐப்பசியில் வானம் மோடம் போட்டதும் மோடத்தின் கம்பியைக் கழற்றிவிட வேண்டும் என்பது குமரி மாவட்டத்தில் அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். எங்கோ மலைப்பக்கம் இடி விழும். தொலைபேசிக் கம்பி வழியாக அது வந்து இங்கே அட்டையைக் கருக்கிவிட்டுப் போகும். பெயரிலேயே எச்சரிக்கை இருந்தும் எத்தனை பேர் கேட்டார்கள்?

லினக்ஸுக்கும் மோடத்துக்கும் ஆகாது என்ற பொதுக்கருத்தை இங்கே மறுக்க வேண்டியிருக்கிறது. லினக்ஸ் பிறந்ததே மோடத்துக்காகத்தான். 1991-இல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், வீட்டிலிருந்தே பல்கலைக்கழகக் கணினியை மோடத்தால் எட்டிப் பார்க்க ஒரு சிறு நிரல் எழுதினார். அது வளர்ந்து வளர்ந்து இயங்குதளமாகிவிட்டது. ஒரு நாள் மோடத்துக்குப் போக வேண்டிய டயல் கட்டளையைத் தவறுதலாகத் தம் ஹார்ட் டிஸ்க்குக்கு அனுப்பிவிட்டார். அதுவரை அவர் நம்பியிருந்த மினிக்ஸ் என்ற இயங்குதளம் அழிந்தது. அழிந்ததை மறுபடி நிறுவாமல் தம் சொந்தப் பிள்ளையையே நம்பி இறங்கினார். மோடத் தாய்க்கும் லினக்ஸ் பிள்ளைக்கும் பேச்சு நின்றது பின்னால்தான்.

நின்றதற்குக் காரணம் மூளை. பழைய மோடங்கள் சொந்த மூளை உள்ளவை. சீரியல் கம்பியில் தொங்கும் வெளிமோடத்திடம், 1981-இல் ஹேய்ஸ் கம்பெனி வகுத்த ஏ.டி. கட்டளைகளைச் சொன்னால் போதும். எந்த இயங்குதளம், எந்தச் சாதி என்று கேட்காமல் சுழற்றும். தொண்ணூறுகளின் பின்பாதியில் விலையைக் குறைக்க வந்தவை வின்மோடங்கள். ஒலியைப் பிரித்துப் பொருளறியும் சிப்பை எடுத்துவிட்டு, அந்த வேலையைக் கணினியின் தலையில் கட்டினார்கள். எப்படிச் செய்வதென்ற சூட்சுமம் விண்டோஸ் டிரைவருக்குள் மட்டும் இருந்தது. லினக்ஸில் செருகினால் அட்டை இருக்கும், ஆள் இருக்காது. மச்சில் கிடைத்தது இந்த இனம்.

இங்கேதான் கல்தூண் வருகிறது. குளச்சலில் பிடிபட்ட டச்சுக் கம்பெனிக்காரர்களில் ஒருவர் யூஸ்டாஷியஸ் டி லனாய். எதிரிக்காக வந்தவர் மார்த்தாண்டவர்மாவிடம் சேவகத்துக்குச் சேர்ந்தார். திருவிதாங்கூர் படைக்கு ஐரோப்பியப் பயிற்சி கொடுத்தார். வலிய கப்பித்தான் என்று பெயர் வாங்கினார். 1777-இல் இறந்து உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமானார். கல்லறையில் லத்தீனும் தமிழும் இருக்கின்றன. வின்மோடத்தை லினக்ஸுக்குப் பழக்குவதும் இதே கலைதான். ஸ்மார்ட் லிங்க், லூசென்ட் சிப்களுக்கு வந்த லினக்ஸ் டிரைவர்களில் வெளிப்பகுதி திறந்த மூலம். நடுவே கம்பெனி கொடுத்த மூடிய கட்டி ஒன்று. உடுப்பு திருவிதாங்கூர், உள்ளே ஹாலந்து. கானெக்ஸன்ட் சிப்புக்கு லினக்ஸன்ட் நிறுவனம் தந்த இலவச டிரைவர் 14.4 கிலோபிட்டோடு நின்றுகொள்ளும். 56 வேண்டுமென்றால் காசு. டி லனாய் இப்படிக் கேட்டதாகக் குறிப்பு இல்லை.

டிரைவரை எங்கே வாங்குவது? இணையத்தில். இணையத்துக்கு எப்படிப் போவது? மோடத்தில். கல்யாணம் ஆகாமல் பைத்தியம் தெளியாது, பைத்தியம் தெளியாமல் கல்யாணம் ஆகாது என்ற பழமொழியைத் தமிழர்கள் இதற்காகவே முன்கூட்டிச் செய்து வைத்தார்கள். நொடிக்கு 5 கிலோபைட் வீதம் 650 மெகாபைட் லினக்ஸ் சிடியை இறக்க 36 மணி நேரம் ஆகும். அதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிடும். வளைகுடாவில் விடுமுறை, குளச்சல் வீட்டுத் தொலைபேசிக்கு அழைப்பு வரும் நாள். மோடத்துக்கு அன்று விரதம். ஆகவே கணினிப் பத்திரிகைகளோடு வந்த சிடிகளே நாட்டில் லினக்ஸைப் பரப்பின.

அடுத்த தடை செவிப்புலன் சார்ந்தது. டயல் டோன் இல்லை என்று மோடம் சாதிக்கும். ரிசீவரைக் காதில் வைத்தால் டோன் தெளிவாகக் கேட்கும். யார் பொய் சொல்கிறார்கள்? இருவருமே இல்லை. அமெரிக்க டயல் டோன் 350, 440 ஹெர்ட்ஸ் ஒலிகளின் கூட்டு. இந்திய டோனோ 400 ஹெர்ட்ஸை 25 ஹெர்ட்ஸால் அதிரவைத்தது. அமெரிக்கக் காதுக்கு அது டோனே அல்ல. பரிகாரம், ஏ.டி. எக்ஸ்3 என்ற கட்டளை. டோனுக்குக் காத்திருக்காமல் சுழற்று என்று பொருள். டபிள்யூ.வி. டயல் நிரலின் அமைப்புக் கோப்பில் இந்த ஓர் எழுத்தையும் ஓர் எண்ணையும் சேர்ப்பதற்கு ராத்திரி முழுக்க விழித்தவர்கள் உண்டு.

அந்தக் கிறீச்சொலிக்கும் உரை எழுத வேண்டும். இரைச்சல் என்று பலர் ஒதுக்கினாலும் அது ஒழுங்கான உரையாடல். மறுமுனை எடுத்ததும் வருவது 2100 ஹெர்ட்ஸ் ஒலி. எதிரொலியைத் தடுக்கும் கருவிகளே, சற்று விலகுங்கள் என்று வழியிலிருப்பவற்றுக்கு அது சொல்கிறது. அப்புறம் இரு மோடங்களும் தங்களுக்குத் தெரிந்த தரங்களைச் சொல்லிக்கொள்ளும். பிறகு வரும் சீறல், கம்பியின் தரத்தை அளந்து பார்ப்பது. பெண் பார்க்கும் சடங்கு போலத்தான். நடுவே யாராவது இன்னொரு போனை எடுத்து அலோ என்றால் சம்பந்தம் முறிந்தது.

1995 ஆகஸ்ட் 15-இல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. பின்னாளில் பி.எஸ்.என்.எல். எண் 172233-ஐச் சுழற்றினால் தனிக் கணக்கே தேவைப்படவில்லை. கட்டணம் தொலைபேசி பில்லில் ஏறியது. இன்று வீட்டுக்கு வருவது கண்ணாடி இழை. ஆகவே சோதனைக்கு வேறு வழி: இரண்டு இணைப்புள்ள சின்ன இண்டர்காம் பெட்டி. ஒரு முனையில் 32-பிட் டெபியன் ஓடும் பழைய பென்டியம் 4, அதில் மச்சு மோடமும் ஸ்மார்ட் லிங்க் டிரைவரும். மறுமுனையில் இரவல் வெளிமோடம், அதில் அழைப்பை எடுக்க எம்கெட்டி என்ற நிரல். இரண்டும் அனலாக் மோடமானால் 33.6 கிலோபிட்டைத் தாண்டாது. 56 வேண்டுமானால் ஒரு முனை டிஜிட்டலாக இருந்தாக வேண்டும்.

முதல் இரண்டு நாள் எதுவும் நடக்கவில்லை. மூன்றாம் நாள்தான் பயனரை டயல்-அவுட் குழுவில் சேர்க்கவே இல்லை என்று தெரிந்தது. சேர்த்ததும் கிறீச்சிட்டது, சீறியது, 28,800 என்று திரையில் எழுதி நின்றது. 3 மெகாபைட் படம் ஒன்றை ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு அனுப்பியதில் கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. கருப்பட்டிக் காப்பி போட்டுக் குடித்து, தம்ளரையும் கழுவிக் கவிழ்த்த பிறகும் கொஞ்சம் பாக்கி இருந்தது. வாசலில் நின்று பார்த்த பெரியவர், “மக்கா, நடந்து கொண்டு குடுத்திருந்தா இதுக்குள்ள ரெண்டு தடவ குடுத்திருக்கலாமே” என்றார். ஆய்வுக்குழுவில் இந்த மாற்றுக் கருதுகோள் பதிவு செய்யப்பட்டது, மறுக்க முடியவில்லை.

இரவல் வெளிமோடத்தை உரியவர் திரும்பக் கேட்கிறார். குளச்சல், மணவாளக்குறிச்சி, தக்கலைப் பக்கம் யார் வீட்டு மச்சிலாவது சீரியல் மோடம் கிடந்தால் ஆக்கர் கடைக்குப் போடாமல் ஆய்வாளருக்குத் தந்து உதவ வேண்டும். தரும்போது 9 வோல்ட் அடாப்டரையும் தேடிச் சேர்த்துத் தாருங்கள். முதலில் தொலைவது அதுதான்.