ஃபாதருக்கு ஒரு நாள்

"அப்பா, வாற ஞாயிறு தந்தையர் தினம்" என்று கொழும்பிலிருந்து போனில் சொன்னேன்.

"எந்த ஃபாதருக்கு? புதுசா மாறி வந்தவருக்கோ?" என்று கேட்டார் அப்பா.

பிழை அவரில் இல்லை. மன்னார்த் தீவிலுள்ள எங்கள் பேசாலையில் தந்தை என்றால் பங்குத் தந்தை. அவருக்கும் மேலே பரலோகத்தில் பிதா. நடுவில் சூசையப்பர். பெற்ற மனிதனுக்கு மிஞ்சியது வெறும் 'அப்பா' மட்டுந்தான்.

"இல்லையப்பா, உங்களுக்குத்தான்" என்றேன். கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு தாழ்ந்த குரலில், "ஏன், எனக்கு என்ன வருத்தம்? டொக்டர் உங்களிட்ட ஏதும் சொன்னவரோ?" என்றார்.

அந்த நொடியிலேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் டொரொன்டோவிலிருக்கும் அக்கா அதற்குள் மன்னார்க் கடையொன்றில் கேக்குக்குச் சொல்லிவிட்டாள். நான் ஒரு சேட்டு வாங்கியிருந்தேன். போன வருசம் வாங்கிய சேட்டு இன்னும் பிளாஸ்டிக் உறையோடு அலுமாரிக்குள் இருக்கிறது என்பதை அம்மா நினைவூட்டினா. அதற்கு முந்திய வருசத்துச் சேட்டு அதற்குக் கீழே. "நல்ல நாள் பெருநாளுக்குப் போடுவம்" என்பது அப்பாவின் கொள்கை. அவர் கணக்கில் அப்படி ஒரு நல்ல நாள் இன்னும் வரவில்லை.

நான் ஊருக்குப் போயிருந்தேன். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் கேக்கை முற்றத்தில் வைத்தோம். பெட்டியின் மூடியிலும் கேக்கின் மேலும் 'உலகத்தின் சிறந்த அப்பா' என்று எழுதியிருந்தது. அப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டு ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார்.

"இதை ஆர் தீர்மானிச்சது?"

"நாங்கதான்."

"எத்தினை பேர் போட்டியில நிண்டவங்கள்?"

பதில் இல்லை. மெழுகுதிரி கொளுத்தப் போனோம். ஜூன் மாதம், சோழகக் காற்று அடித்து வீசுகிற காலம். தீவின் தென்கரையில் இந்தக் காற்றை நம்பித்தான் 30 காற்றாலைக் கோபுரங்களை நட்டிருக்கிறார்கள். நூறு மெகாவாட்டுக்கு மேல் மின்சாரம் எடுக்கிற காற்றின் முன்னே நாங்கள் ஒரு தீப்பெட்டியோடு நின்றோம். பதினோராவது குச்சியும் அணைந்தபோது அப்பா சொன்னார்: "ஊதத்தானே கொளுத்துறியள்? அதுதான் ஊதியாச்சே."

நிலைமையைச் சமாளிக்க நான் வரலாற்றைத் தொடங்கினேன். அமெரிக்காவில் ஸ்போக்கேன் என்ற நகரில் சொனோரா ஸ்மார்ட் டொட் என்றொரு பெண். அவளுடைய அப்பா, மனைவி இறந்த பிறகு ஆறு பிள்ளைகளைத் தனியே வளர்த்தவர். அவருடைய பிறந்த நாளான ஜூன் 5ஐத்தான் அவள் கேட்டாள். பிரசங்கம் எழுத நேரம் போதாது என்று போதகர்மார் தள்ளிவைக்க, 1910 ஜூன் 19இல் முதல் தந்தையர் தினம் நடந்தது. சட்டமானது 1972இல், நிக்சன் கையெழுத்திட்ட பிறகுதான்.

"அம்மாமாருக்கு எப்ப சட்டம் போட்டவங்கள்?" என்று கேட்டார் அப்பா.

"1914."

"அப்ப சரி. அங்கயும் வீடு வீடுதான்."

இத்தாலி, ஸ்பெயின், போர்த்துக்கல் நாடுகளில் சூசையப்பர் திருநாளான மார்ச் 19தான் அப்பாமாருடைய நாள். 1560இல் மன்னாரில் கோட்டை கட்டிய போர்த்துக்கேயர் நமக்குப் பாணைத் தந்தார்கள், மேசை தந்தார்கள், சேட்டை வைத்துப் பூட்ட அலுமாரியும் சாவியும் தந்தார்கள். அவர்களுடைய மார்ச் 19 மட்டும் நம் ஊரில் கரையேறவில்லை. ஏறியிருந்தால் காற்றாவது குறைவாக இருந்திருக்கும்.

ஜூன் மாதத்துக்கு வேறொரு சிக்கலும் உண்டு. மூன்றாம் ஞாயிறு 15க்கு முன்னே வராது, 21ஐத் தாண்டாது. தமிழ்நாட்டு இழுவைப் படகுகளுக்கு ஏப்ரல் 15இல் தொடங்கும் 61 நாள் தடை முடிவது ஜூன் 14. ஆக, உலகம் அப்பாமாரை வாழ்த்துகிற கிழமையில் மன்னார் அப்பாமாருடைய மனமெல்லாம், அந்தப் படகுகள் வந்து அறுத்துவிடுமோ என்று, கடலில் விரித்த வலையிலேயே கிடக்கும். விடிய எத்தனை துண்டு மிஞ்சும் என்ற கவலையில் இருப்பவரிடம் கேக்கில் எத்தனை துண்டு வேண்டும் என்று கேட்டால் என்ன சொல்வார்?

மத்தியானச் சமையலுக்கு அன்று அப்பா மெனக்கெடக் கூடாது என்று நானே மன்னார்ச் சந்தையில் மீன் வாங்கி வந்திருந்தேன். ஐம்பது வருசம் கடலில் கிடந்த மனிதனுக்கு! அப்பா செவுளைத் தூக்கிப் பார்த்தார். மீனுக்கு மௌன அஞ்சலி செலுத்துவதுபோல் சற்று நின்றார். "இது செத்து நாலு நாள். இதுக்கும் ஒரு தினம் வைக்கலாம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

பின்னேரம் அவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். ஓய்வு நாளாயிற்றே என்று ஊசியைப் பறிக்கத்தான் போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வாய் மாறி, "எனக்கும் காட்டித் தாங்கோ" என்றேன்.

அவ்வளவுதான். அன்று முழுக்க ஒற்றைச் சொல்லில் பேசியவர், கண்ணியின் அளவில் தொடங்கினார். வாடைக் காற்று எப்போது திரும்பும், கச்சான் காற்று எப்படி மணக்கும், வடகடலுக்கும் தென்கடலுக்கும் நீரோட்டம் எப்படி மாறும் என்று இருட்டும்வரை சொன்னார். நான்கு நற்செய்தி நூல்களிலும் சூசையப்பர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அவரிடம் யாரும் தச்சு வேலை பற்றிக் கேட்டிருக்க மாட்டார்கள் போலும். நான் தேத்தண்ணி குடிக்கப் போன இடைவெளியில், நான் போட்ட முடிச்சுகளை எல்லாம் அப்பா சத்தமில்லாமல் அவிழ்த்துத் திரும்பப் போட்டிருந்தார். நானும் காணாததுபோல் இருந்தேன்.

இரவு பஸ்ஸுக்கு வெளிக்கிட்டபோது கையில் ஒரு பெட்டியைத் தந்தார். கேக் வந்த அதே பெட்டி. உள்ளே கட்டாக் கருவாடு, நைலோன் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. சேட்டைப் பற்றிப் பேச்சே இல்லை.

மதவாச்சி தாண்டுமுன் பஸ் முழுக்க மணந்துவிட்டது. முன் சீற்றிலிருந்த ஐயா ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து திரும்பினார்.

"ஆர் தம்பி இதைக் கட்டித் தந்தது?"

நான் பெட்டியைத் தூக்கி மூடியைக் காட்டினேன்.